செருப்பு கிடக்கும் இடம்

அருமைநாயகம் உபதேசியாருக்குக் கண் மங்கிப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான், அவர் மனைவி சாலோமி. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

முழுக் குருடு என்று சொல்லிவிட முடியாது. வெளிச்சம் தெரியும். ஆள் நின்றால் நிழலாகத் தெரியும். எழுத்து தெரியாது, காலடியில் கிடப்பதும் தெரியாது. இரண்டு கண்ணிலும் புரை. வேதம் வாசிக்க வராத உபதேசியாரைப் பாளையங்கோட்டை மிஷன் பெரியவர்கள் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? வேலை போகும். வேலை போனால், கோவிலை ஒட்டி மிஷன் கொடுத்திருந்த ஓட்டுவீடும் போகும். ஐம்பத்தெட்டு வயதில், பிள்ளைகுட்டி இல்லாத இரண்டு பேர் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அதனால் மனுஷன் மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சாலோமி கதவைச் சாத்திவிட்டு மறுநாள் பாடத்தை வாசிப்பாள். அவர் கண்ணை மூடிக் கேட்பார். மூன்றாம் தரம் வாசிக்க வேண்டியிராது. ஞாயிற்றுக்கிழமை பெரிய வேதபுத்தகத்தை விரித்து, விரலை வரிவரியாக ஓட்டி, புரட்ட வேண்டிய இடத்தில் பக்கத்தைப் புரட்டி, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துவிடுவார். ஞாபகசக்தி அப்படி. அது வேதத்தோடு நின்றிருந்தால் சபைக்கு நல்லதாக இருந்திருக்கும். எவன் எந்த வருஷம் எந்தத் தப்பு செய்தான் என்பதும் அதே சுத்தமாக அவர் தலைக்குள் இருந்தது.

சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றுக்குத் தெற்கே கிடந்த நல்லாயன்புரத்தில் அறுபது வீடும் ஒரு கோவிலும்தான். தப்பு செய்தவர்களைச் சபைக்குப் புறம்பாக்கி வைப்பது அங்கே வழக்கம். புறம்பாக்கப்பட்டவர் கோவிலுக்கு வரலாம், ஆனால் பாயில் உட்காரக் கூடாது. கடைசியில், வாசலை ஒட்டிச் செருப்பு கிடக்கிற இடத்தில், வெறுந்தரையில் உட்கார வேண்டும். நற்கருணை தொடங்கும் முன் எழுந்து போய்விட வேண்டும். அவரைத் திரும்பச் சேர்க்கிற நாளில் உபதேசியார் பேரை வாசிப்பார், சபைக் குருவானவரான ஐயர் எல்லார் முன்னாலும் வலதுகை கொடுப்பார். கை கொடுத்துவிட்டால் பழைய கதையை யாரும் எடுக்கக் கூடாது. பிறகு பாயில் இடம் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் அந்த வெறுந்தரையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் அப்பாத்துரை, கள்ளுக் குடித்து வாய்க்காலில் விழுந்து கிடந்தவன். மற்றவள் பாக்கியவதி. அவள் செய்தது வேறு விதம். பிள்ளைக்கு விஷக்காய்ச்சல் வந்து ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. ஜெபமும் பண்ணியாயிற்று, கஷாயமும் கொடுத்தாயிற்று. பத்தாம் நாள் சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்தமடைப் பள்ளிவாசல் வாசலில் போய் நின்றாள். அங்கே இருந்த மீரா முகைதீன் லெப்பை ஓதி ஊதித் தண்ணீர் கொடுத்தார். பிள்ளை பிழைத்துவிட்டது.

"செஞ்சது பாவம்னு ஒரு வார்த்த சொல்லிரு. அடுத்த மாசமே சேத்துக்கிடுதோம்" என்றார் உபதேசியார்.

"மத்த பாவத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேக்கேன்யா. இத மட்டும் பாவம்னு சொன்னா, அது பொய்யில்லா? கோயில்ல நின்னு எப்பிடிப் பொய் சொல்லட்டும்?" என்றாள் அவள்.

அவர் விடவில்லை. அவளும் அசையவில்லை. இரண்டு வருஷம் வாசல் தரையே கதி என்று இருந்தாள்.

உபதேசியாருக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பக்கமெல்லாம் உடைமுள் காடு, செருப்பில்லாமல் நடமாட முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் எண்பது ஜோடி செருப்பு தாறுமாறாகக் கிடக்கும். அதை ஒழுங்காக விடச் சொல்லி அவர் முப்பது வருஷம் கத்தியிருக்கிறார். இப்போது இரண்டு வருஷமாக அந்த வாசலில் அவர் கால் ஒரு செருப்பிலும் பட்டதில்லை. "பாத்தியா ஏளா, நம்ம சத்தத்துக்கு ஊரே திருந்திட்டு" என்று சாலோமியிடம் சொல்லிக்கொள்வார். சாலோமி அடுப்பை ஊதப் போய்விடுவாள்.

கிருபைராஜ் ஐயர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வில்வண்டியில் வருகிறவர். ஐப்பசியில் அவர் வருகிற ஞாயிறுக்கு முந்தின நாள், சேர்க்க வேண்டிய பேரை எழுதி வண்டிக்காரனிடம் தாள் கொடுத்துவிட்டிருந்தார். சாலோமி அதைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"என்ன ஏளா, வாசியேன்."

"ரெண்டு பேரு எழுதிருக்கு. அப்பாத்துரை. பாக்கியவதி."

"பாக்கியவதியா?" உபதேசியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயருக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா? அவ ஒரு வார்த்த சொல்லலையே!"

"எழுதிருக்கத வாசிச்சேன். வேணும்னா நீங்களே பாருங்க" என்றாள். கட்டின முப்பத்துநாலு வருஷத்தில் அவள் அப்படிப் பேசியதில்லை. அவருக்குச் சுருக்கென்றது. மேலிடத்து உத்தரவு என்று முணுமுணுத்துவிட்டு மனதில் பதித்துக்கொண்டார்.

மறுநாள் கோவில் நிறைந்திருந்தது. உபதேசியார் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கணீரென்று வாசித்தார். "அப்பாத்துரை. பாக்கியவதி."

அப்பாத்துரை எழுந்தான். பாக்கியவதி எழவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தொட்டு எழுப்பின பிறகுதான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். ஐயர் அப்பாத்துரைக்குக் கை கொடுத்தார். அடுத்த கை நீளவில்லை.

"உபதேசியாரே, அந்தத் தாளக் கொஞ்சம் தாரும்" என்றார் ஐயர்.

வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "இதுல ஒரு பேருதான எழுதினேன். நீரு ரெண்டு வாசிக்கீரு?"

வீடு போயிற்று என்று நினைத்தார் உபதேசியார். முதலில் வந்த நினைப்பு அதுதான், பொய் சொல்வானேன். சாலோமியா? சாலோமி ஏன் இப்படிச் செய்ய வேண்டும்?

பெண்கள் பக்கம் ஒரு நிழல் எழுந்து நின்றது.

"ஐயா, அவரு வாசிக்கல. அவருக்குக் கண்ணு தெரியாது. நாந்தான் வீட்டுல வாசிச்சுக் குடுக்கேன். அந்தப் பேரச் சேத்தது நான்" என்றாள் சாலோமி.

ஐயர் சபையைப் பார்த்தார். ஒருவர்கூட ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் அப்பாத்துரைதான் தொண்டையைச் செருமினான்.

"கண்ணு தெரியாதது ஊருக்கே தெரியும்யா. ஊருக்குத் தெரியும்ங்கதுதான் அவருக்குத் தெரியாது."

"நீ எதுக்கம்மா சேத்த?" என்று கேட்டார் ஐயர்.

"வாரவாரம் இவரு உள்ள வரதுக்கு முன்ன, வாசல்ல கெடக்க செருப்பையெல்லாம் அந்தப் பிள்ள கையால ஒதுக்கி வைக்கா. பிந்தி வரதுக விட்டுட்டுப் போறதையும் இவரு திரும்பிப் போகையில ஒதுக்குதா. ரெண்டு வருஷமா பாக்குதேன். எவரு அவளப் பாயில உக்காரக் கூடாதுன்னாரோ, அவரு காலுக்குத்தான் வழி விடுதா. எனக்குத் தாங்கல ஐயா. என்னையும் புறம்பாக்கி வைங்க."

உபதேசியாருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கண் போனதைச் சொன்னதுகூடப் பெரிதாகப் படவில்லை. முப்பது வருஷம் கத்திச் சம்பாதித்த பேரை இவள் ஒரு வார்த்தையில் தட்டிவிட்டாளே!

"பொய்! நான் சொல்லிச் சொல்லித் திருத்துன சனம் இது. ஒருத்தி ஒதுக்கியா நான் நடக்கேன்? இப்பப் பாருங்க" என்று விறுவிறுவென்று நடுவழியில் இறங்கி வாசலைப் பார்க்க நடந்தார். வாசலுக்கு இருபத்தெட்டுத் தப்படி என்று அவருக்குக் கணக்கு உண்டு. இருபத்தேழாவது தப்படியில் ஒரு செருப்பு மிதிபட்டது. அடுத்த காலில் இன்னொன்று. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் இரண்டு முழங்காலும் தரையில் இடிக்க விழுந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்குத் தேவலை. கையை ஊன்றித் தடவினார். தோல் செருப்பு, பனைநாரில் தைத்த செருப்பு, குழந்தைச் செருப்பு, எல்லாம் கவிழ்ந்தும் மல்லாந்தும் முப்பது வருஷத்துக்கு முன்னால் கிடந்த மாதிரியே கிடந்தன. ஊர் திருந்தவே இல்லை. இந்த இடத்தில் இருக்க வேண்டியவள் இன்று முன்னால் நிற்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொலுசில்லாத கால்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டது.

"அடி பட்டுட்டாய்யா? பைய எந்திரிங்க" என்று பாக்கியவதி அவர் கையைப் பிடித்தாள். பிடித்த கையோடு மறு கை பழக்கத்தில் செருப்புகளைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. வெறுந்தரை எவ்வளவு சில்லென்று இருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. அடக்கவும் இல்லை.

"எதுக்குட்டி செஞ்ச? நான் உனக்கு என்ன நல்லது பண்ணுனேன்?"

"நீங்க விழுந்துட்டா எங்களுக்கு வேதம் யாரு வாசிப்பா?" என்றாள் அவள். ஏதோ அடுப்பில் இருக்கிற சோற்றைப் பற்றிப் பேசுகிற மாதிரிச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஐயர் நடந்து வந்து பக்கத்தில் நின்றார். "உபதேசியாரே, உம்ம கண்ணப் பத்தி நான் பாளையங்கோட்டைக்கு எழுதித்தான் ஆகணும். மறைக்க முடியாது. வீட்டப் பத்தி அவங்க என்ன சொல்வாங்களோ, எனக்குத் தெரியாது."

"எழுதுங்கய்யா. அதுக்கு முன்ன இங்கன இன்னொரு பேரு எழுத வேண்டியிருக்கு."

"அவ இன்னும் அந்த வார்த்தயச் சொல்லலையே வே."

"சொல்ல வேண்டாம்யா. அவகிட்ட கேட்டது போதும். இனி அந்த வார்த்தயக் கேக்க வேண்டியது என்கிட்டதான்."

ஐயர் கொஞ்சம் யோசித்தார். சட்டப்படி அது சரியா என்று அவருக்கே நிச்சயமில்லை. பிறகு அங்கியை விலக்கிச் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, தாளைச் சுவரில் வைத்து ஒரு வரி எழுதி, உபதேசியார் கையில் கொடுத்தார். அவர் பழக்கத்தில் அதை முகத்துக்கு நேரே தூக்கினார். தூக்கின கை பாதியில் நின்றது.

"ஏளா சாலோமி, இங்க வா. நீ வாசி" என்றார்.

கோவிலில் பெண்பிள்ளை வாசித்து அதுவரை யாரும் கேட்டதில்லை. சாலோமி வந்து, செருப்புகளுக்கு நடுவில் நின்று, தாளை வாங்கி வாசித்தாள். இந்தத் தடவை எழுதியிருந்ததை மட்டும்தான் வாசித்தாள். ஐயர் பாக்கியவதிக்குக் கை கொடுத்தார்.

அவள் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். உபதேசியார் போகவில்லை. அன்றைய ஆராதனை முடிகிற வரைக்கும் அந்த வெறுந்தரையிலேயே உட்கார்ந்து, கையால் தடவித் தடவி, ஒவ்வொரு செருப்பாக ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார்.