அதே முடிச்சில் அணைந்த மெழுகுவத்தி

1

இந்தக் கதை ஒரு மூன்று வரிச் செய்தியிலிருந்து வந்தது. மூடிக் கிடந்த கிணற்றில் ஒருவர் இறங்கி மயங்கினார். காப்பாற்ற இறங்கியவரும் திரும்பவில்லை. எந்த ஊர் என்று நினைவில்லை. செஞ்சி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே போய்விடலாம் என்பதால் சிங்கவரத்தில் வைத்துக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: ‘கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன்…’ வேண்டாம். அங்கே ஒருவன் உயிர் ஊசலாடுகிறது, எனக்கு வர்ணனை கேட்கிறது.

2

செல்லப்பனின் உறைக்கிணறு எட்டு மாதமாகக் கல்பலகை போட்டு மூடிக் கிடந்தது. இப்போது மல்லாட்டைச் செடி (நிலக்கடலைதான்) வாடுகிறது. கிணற்றின் அடியில் மோட்டார் குழாயின் வால்வு அடைத்துக்கொண்டிருக்கிறது. விஷக்காற்று இருக்கிறதா என்றறிய, இறங்குமுன் வாளியில் மெழுகுவத்தியை ஏற்றி இறக்கிப் பார்ப்பது வழக்கம். இறக்கினான். அணைந்தது.

“காத்துல அணஞ்சிபோச்சி,” என்று இன்னொரு கயிற்றை இடுப்பில் கட்டத் தொடங்கினான்.

அவன் மனைவி வளர்மதி நம்பவில்லை. கரண்ட் போகும்போதெல்லாம் சமையலறையில் மெழுகுவத்தியோடு விளையாடுகிறவள் அவள். ஊதினால் சுடர் சாயும். டம்ளரைக் கவிழ்த்தால் சாயாது. நின்ற இடத்திலேயே சுருங்கிச் சாகும். குண்டானைக் கவிழ்த்தாலும் அதே சாவுதான், கொஞ்சம் தாமதமாக.

(அவளை அறிவியல் ஆசிரியையாக்கிப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். பார்ப்பதற்குப் பட்டமா வேண்டும்?)

3

“இன்னாங்க, ஒரு நிமிசம் இருங்க.”

வாளியைப் பிடுங்கினாள். மெழுகுவத்தியை மறுபடி ஏற்றி, கிணற்று வாயருகே தொங்கவிட்டு நூறு எண்ணினாள். எரிந்தது. அளவுக்காக முடிச்சுப் போட்ட கயிற்றை மெல்ல விட்டாள். நாலாவது முடிச்சில் சுடர் சுருங்கியது. சாயவேயில்லை. இழுத்து, ஏற்றி, மீண்டும் விட்டாள். அதே முடிச்சு.

“காத்துன்னா ஒருவாட்டி மேல அணையும், ஒருவாட்டி கீழ அணையும். ரெண்டு வாட்டியும் ஒரே எடத்துலயா?”

“மூச்ச அடக்கினு எறங்கிடுவேன் வளரு. ரெண்டு நிமிசம் வேல.”

“மெழுவத்திக்கே அங்க மூச்சு இல்ல. ஒங்களுக்கு மட்டும் இருக்குதா?”

வாளிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

4

முடிவு ஒன்று: காற்றடிக்கும் மிஷினை வாடகைக்கு எடுத்துவந்து நாளெல்லாம் ஓட்டுகிறார்கள். மெழுகுவத்தி அடிவரை எரிகிறது. (எரிந்தாலும் நம்பாதீர்கள். சில விஷக்காற்றில் சுடர் அணையாது, மனிதன் அணைந்துவிடுவான்.)

முடிவு இரண்டு: செல்லப்பன் அவளைத் தள்ளிவிட்டு, வலது காலை விளிம்புக்கு அந்தப் பக்கம்

இல்லை.

அந்தச் செய்தியை என்னால் மாற்ற முடியாது. இந்த வாக்கியத்தை முடிக்காமல் விடமுடியும். அவன் இறங்கித்தான் ஆகவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். வளர்மதி இன்னும் கயிற்றைப் பிடித்தபடிதான் நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள்.