கெக்குனாவத்தையின் மழைமானி

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் என் வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள்: ஸெய்னுலாப்தீன் ஆகிய நான், என் மனைவியின் தம்பி தாஸிம், கடுகண்ணாவையில் இரும்புக்கடை வைத்திருக்கும் அரூஸ். உள்ளறையில் என் மனைவி றம்லத்தும் அரூஸின் மனைவி பர்ஹானாவும். குசினியில் என் கடைசி மகள் றிப்தா. பிறகு, கேட்டடியில், ஜெயராஜ். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறவர்கள் அங்கே இருக்கவில்லை.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். திகனயிலிருந்து மலைக்கு ஏறும் பாதை ஒன்று கெக்குனாவத்தையில் முடிகிறது. பஸ் திரும்புகிற இடத்தில் பள்ளிவாசல். அதற்கு மேலே சரிவில் முப்பத்திரண்டு வீடுகள், ஒன்றின் கூரைக்கு நேரே அடுத்ததன் முற்றம். எல்லார் தோட்டத்திலும் மிளகும் கராம்பும் உண்டு. எங்கள் வீடுதான் எல்லாவற்றுக்கும் மேலே. என் வாப்பாவின் வாப்பா காடு வெட்டிக் கட்டிய வீடு அது. எங்களுக்கும் மேலே பழைய தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்று, ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள்; அதில் ஐந்து குடும்பங்கள். அதற்கு மேலே கெக்குன மரங்கள், ஒரு ஊற்று, பிறகு மலை. அந்த ஊற்றுத் தண்ணீர்தான் குழாயில் இறங்கி லயத்துக்கும் எங்களுக்கும் பள்ளிவாசலுக்கும் வந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் அதிகாரிகள் வந்து மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கள் முற்றத்தில் ஒரு கம்பம் நட்டு மழைமானியைப் பொருத்தினார்கள். முழ நீளப் போத்தல் போன்ற சாமான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடுகள். தண்ணீர் சிவப்பைத் தொட்டால் மலை சரியலாம், ஊர் முழுவதும் கீழே பாடசாலைக்கு இறங்கிவிட வேண்டும். ஊரின் முதல் வீடு என்பதால் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். காலையும் மாலையும் பார்த்துக் கீழ்வீடுகளுக்கும் லயத்துக்கும் சொல்லி அனுப்பியவள் றிப்தா.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மூத்தவர்கள் இருவருக்கும் கொடுத்தாகிவிட்டது. இந்த வீடு றிப்தாவுக்கு. அரூஸின் மகன் இல்ஹாமுக்கு அவளைப் பேசியவன் தாஸிம். பெண்ணைப் பர்ஹானா ஏற்கெனவே ஒரு கலியாணத்தில் பார்த்திருந்தார். அன்று அவர்கள் பார்க்க வந்தது வீட்டை.

வியாழக்கிழமை தொடங்கிய மழை விடவில்லை. வெள்ளிக்கிழமை உள்ளறைத் தரையில் நூல்போல ஒரு வெடிப்பு ஓடியது. சனிக்கிழமை அந்த வெடிப்பில் ஒரு விரல் போனது. நான் அதற்கு மேல் கம்பளத்தை விரித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை முன்கதவு நிலையில் இறுகிக்கொண்டது. தோளால் தள்ளித்தான் திறந்தேன். பதினொரு மணிக்குப் பார்த்தபோது மானியில் தண்ணீர் சிவப்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. வருகிறவர்கள் கேட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தச் சாமான்தான். அதைக் கழற்றி, தண்ணீரை ஊற்றிவிட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். வெறும் கம்பத்தில் றம்லத்தின் மல்லிகைக் கொடியைச் சுற்றிவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு வேன் வந்தது. அரூஸ் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். முன்கதவை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"கதவு இறுகுதே ஹாஜியார்."

"மழைக்குப் பலகை ஊதும்," என்றேன்.

"எங்கட கடையில நல்ல கதவுப் பிணைச்சல் ஈக்கி. மகன்ட வூட்டுக்குச் சும்மாவே தாரன்," என்று சிரித்தார்.

"பாத்தீங்களா மச்சான், இன்னம் நாள் வெக்கல்ல, அதுக்குள்ள மகன்ட வூடாம்!" என்றான் தாஸிம். மூவரும் சிரித்தோம். நான் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தது அன்றுதான்.

சஹனைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தோம். ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடும்போது, விருந்தாளி போதும் என்று கையெடுக்கும் முன் வீட்டுக்காரன் எழுவதில்லை. எழுந்தால் அவரை எழுப்பியதாகிவிடும். என் வீட்டில் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

அப்போது கேட்டடியில் சத்தம் கேட்டது. லயத்து அழகையாவின் மகன் ஜெயராஜ். திகனயில் மேசன் வேலை செய்கிறவன்.

"ஹாஜியாரே! கொஞ்சம் வாங்க! பீப்புல தண்ணி செவப்பா வருதுங்க, ஒரே சேறு. எங்க சொவரும் வெடிச்சிருச்சி. மானி என்னா காட்டுது?"

"சாப்பாட்டு மணம் பிடிச்சித்தான் வாறானோ," என்றான் தாஸிம், குரலைத் தாழ்த்தி.

நான் எழவில்லை. "பொறகு வா ஜெயராஜ். விருந்தாளி ஈக்கி," என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னேன்.

"பொறகுன்னா எப்பங்க? அப்பா நடக்க மாட்டாருங்க, தூக்கணும். மானியப் பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க, போயிர்றேன்."

அரூஸின் கை சோற்றின் மேல் நின்றது. "என்ன மானி?"

"தோட்டத்து ஆக்கள்ட ஏதோ சாமான்," என்றேன்.

மாப்பிள்ளையின் வாப்பா சாப்பிடுகிற இடத்துக்குப் பெண் வருவதில்லை. றிப்தா வந்தாள். தலையில் முந்தானை சரியாக இருந்தது. கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

"வாப்பா, கம்பத்தில மானி இல்ல. எங்க வெச்சீங்க?"

"எனக்குத் தெரியா."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பு பெல்ட்டில் தொங்கிய அலுமாரிச் சாவியைப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போனாள்.

"தண்ணி இன்னம் செவப்பா வருதா?"

"இல்லம்மா. இப்ப நின்னே போச்சு."

அவ்வளவு மழையில் ஊற்று நின்றுவிட்டது. அப்படி நின்றால் மலை உள்ளே நகர்கிறது என்று அதிகாரிகள் அன்றே சொல்லியிருந்தார்கள். அவள் செருப்பைக்கூடப் போடவில்லை. "உம்மா, எல்லாரும் வெளிய வாங்கோ! கீழ போங்கோ!" என்று ஒருமுறை உரத்துக் கத்தினாள். அவளும் ஜெயராஜும் கேட்டைத் தாண்டிப் போனார்கள்.

அரூஸ் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "நாங்க வாறம் ஹாஜியார்," என்றார். கை கழுவவில்லை. பர்ஹானா அவருக்கு முன்பே வேனில் ஏறினார். அவர்களைச் சமாதானம் செய்ய நான் பஸ் திரும்பும் இடம்வரை மழையில் வேனுக்குப் பின்னால் நடந்தேன். றம்லத்தும் தாஸிமும் என் பின்னால் வந்தார்கள். நான் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதுதான்.

முதலில் சத்தம் வரவில்லை. மேலே கெக்குன மரங்கள் நின்றபடியே இறங்கி வந்தன, ஒன்றும் சாயாமல். லயம் அவற்றின் பின்னால் மறைந்தது. பிறகு என் வீட்டுக் கூரை ஒருமுறை உயர்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பதினொரு வீடுகள் போயின. அவற்றில் ஆட்கள் இருக்கவில்லை. மின்சாரம் இல்லாததால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. றிப்தா கதவு கதவாகத் தட்டியிருந்தாள். லயத்து ஐந்து குடும்பங்களில் நான்கு இறங்கிவிட்டன. ஐந்தாவதில் ஜெயராஜின் தாய் நல்லம்மா மட்டும் இறங்கினார். மூன்றாம் நாள் அவருடைய மகனைத் தோண்டி எடுத்தார்கள். தகப்பன் அவன் முதுகிலேயே இருந்தார்.

இப்போது எல்லாரும் பாடசாலையில் இருக்கிறோம். நாற்பது நாளாகிறது. நல்லம்மாவின் பாயும் எங்கள் பாயும் ஒரே வகுப்பறையில். றிப்தா அவருக்குச் சோறு எடுத்துக் கொடுக்கிறாள். அவர் சாப்பிடும்வரை பக்கத்தில் இருக்கிறாள். மானியைப் பற்றி அவள் இதுவரை யாரிடமும் பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை.

அவள் பேசாததால் மற்றவர்கள் பேசுகிறார்கள். கடுகண்ணாவையில் தொடங்கிய கதை திகனக் கடைகளுக்கு வந்து, இப்போது வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டது: என் மகள் அன்று ஜெயராஜோடு ஓடிப்போகப் புறப்பட்டாளாம், மலை சரிந்ததால் அது நடக்கவில்லையாம், நல்லம்மாவுக்கு அவள் சோறு கொடுப்பதும் அதனால்தானாம்.

அது பொய். கேட்டைத் தாண்டியதும் ஜெயராஜ் மேலே போனான், என் மகள் கீழே போனாள். மானி என் அலுமாரியில் இருந்தது. சாவி என்னிடம் இருந்தது.