கோணல் தட்டு

மாப்பிள்ளை தன் காதில் பூ சுற்றுகிறான் என்று பொறியாளர் முடிவே கட்டிவிட்டார். மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவன். அவனுக்கும் இதே தொழில்தான், ஆனால் போட்டிக் கம்பெனி. இருவரும் பார்த்துக்கொள்கிற செயற்கைக்கோள்கள் வானத்தில் அடுத்தடுத்த வீடு.

சூரியனும் நிலாவும் இழுக்கிற இழுப்பில் செயற்கைக்கோள் ஓரிடத்தில் சும்மா நிற்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எரிபொருளைக் கொஞ்சம் பீச்சி, அதை அதன் எல்லைக்குள் தள்ளிவிட வேண்டும். விட்டால் பக்கத்துக்காரன்மேல் போய் மோதும். அதனால்தான் வாராவாரம் இரு தரப்பும் தங்கள் இடத்தை எழுதி அனுப்பிக்கொள்கிறார்கள்.

மாப்பிள்ளை எழுதுவது ஒன்று, மைதானத்திலிருக்கும் பெரிய ஆன்டெனாத் தட்டைத் திருப்பிப் பார்த்தால் தெரிவது வேறொன்று. மூன்று மாதமாக அவனுடையது, சொன்ன இடத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர் மேற்கே, இவர் எல்லையை ஒட்டி நின்றது. இந்த லட்சணத்தில் கிழக்கே ஒதுங்கிக்கொண்டிருப்பதாக வேறு எழுதுகிறான்.

போன மாதம் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே அவன் முழி சரியில்லை. தொழில் விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்பது இரண்டு கம்பெனியிலும் சட்டம். எதையோ மென்று விழுங்கிவிட்டு, "மச்சான், உங்க தட்டு கொஞ்சம் கோணலா இருக்கு, பாருங்க" என்றான். இவர் குனிந்து தட்டைத் திருப்பி வைத்தார்.

"வட்டத் தட்டுல என்னங்க கோணல்?" என்று தங்கை சிரித்தாள். கிண்டல் பண்ணுகிறான் என்று இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புகார்க் கடிதம் தயார். நாலு மணிக்கு மேலாளரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவன் வேலை போகும், தங்கை இவர் முகத்தில் விழிக்க மாட்டாள். ஆதாரமாவது கெட்டியாக இருக்கட்டும் என்று, இடம் எல்லோருக்கும் தெரிந்த மூன்றாவது செயற்கைக்கோள் பக்கம் தட்டைத் திருப்பினார்.

அதுவும் பதினைந்து கிலோமீட்டர் மேற்கே நின்றது. நாலாவதும் அப்படியே.

மூன்று மாதத்துக்கு முன் தட்டின் அடியில் அது சுழல்கிற பேரிங்கை மாற்றினார்கள். திசையைச் சரிபார்த்தாயிற்று என்று தாளில் போட்ட கையெழுத்து இவருடையது. அன்று மழை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர் பார்க்கவேயில்லை. தன் செயற்கைக்கோளையும் இதே தட்டை நம்பித்தான் நிறுத்தி வந்தார். அப்படியானால் பதினைந்து கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் போய்ப் பக்கத்து வீட்டை நெருக்கிக்கொண்டிருந்தது இவருடையதுதான். அவன் தன் எரிபொருளைச் செலவழித்து ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டிருக்கிறான். வெட்கத்தில் காது சுட்டது.

போனை எடுத்தார். "மாப்பிள்ளை, தட்டு கோணலாத்தான் இருக்கு."

"எந்தத் தட்டு மச்சான்?"

"நீங்க சொன்ன தட்டு. எழுத்துல கேட்டிருக்கலாமே."

"கேட்டா உங்க தலைதான உருளும்."

கடிதத்தில் அவன் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் தன் பெயரை எழுதினார். மணி நாலாக ஐந்து நிமிடம் இருந்தது. மேலாளர் அறைக்கு நடந்தார்.