பந்தம் எத்தனை

அம்மாவின் தலையில் எண்ணெய் வைத்துவிட்டுச் சீயக்காயைக் குழைக்கும்போது பாலாமணியின் கண் குழாயடிக்கே போனது. துக்கம் இனிமேல்தான் வர வேண்டும், இப்போது பயம். அங்கே மயில்சாமி நின்றுகொண்டிருந்தான்.

மயில்சாமி அவள் புருஷனின் தம்பி. அந்தப் புருஷன் செத்த வழக்கில்தான் அவள் ஜெயிலில் இருக்கிறாள். அம்மாவின் சாவுக்காக ஒரு பகல் மட்டும், போலீஸ் காவலோடு சொந்த ஊரான ஓவேலிக்கு அனுப்பியிருந்தார்கள். மகள் சுகந்தி பிறந்ததே ஜெயிலில்தான். ஆறு வயதுக்கு மேல் பிள்ளையை உள்ளே வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்பதால் அம்மா வந்து வாங்கிக்கொண்டு போனாள். எஸ்டேட்டில் கொழுந்து பறித்து வளர்த்தாள். அந்த அம்மாதான் இப்போது வாசல் பெஞ்சில் தலை நனைந்து கிடக்கிறாள்.

"சீக்கிரம் பாலாமணி," என்றாள் காவலுக்கு வந்த ஏட்டம்மா தபித்தாள். "இருட்டறதுக்குள்ள காட்டத் தாண்டணும். ரோட்டுல ஆனை நிக்குதாம்."

கெட்டவள் இல்லை. பொம்பளைக்கு விலங்கு எதற்கு என்று வெறுங்கையோடுதான் கூட்டி வந்திருந்தாள்.

மயில்சாமி கிட்டே வந்தான். "அண்ணி, புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேனுங்க. எங்கண்ணன் ரத்தமல்லங்க."

மரியாதையாகத்தான் பேசினான். போன தீபாவளிக்கு இப்படித்தான் கேட்டுக் கூட்டிப் போனான். திரும்பி வந்த பிள்ளையின் தொடையில் சூட்டுக் காயம். ஜெயிலுக்கு மனு போட்டுப் பார்க்க வந்த அம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அதைச் சொல்லிவிட்டு, "நா இருக்கற வரைக்கும் இனி உடமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான், அந்த ‘இருக்கற வரைக்கும்’ முடிந்துவிட்டது.

பாலாமணி தங்கையைத் தேடிப் பின்பக்கம் போனாள். தபித்தாளும் கூடவே வந்தாள். பங்கஜம் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். எஸ்டேட் குடியிருப்பில் மூன்று லைன் தள்ளித்தான் அவள் வீடு. ஒரு மனுவுக்குக்கூட வந்ததில்லை.

"பங்கஜம், பாப்பாவ நீ வெச்சுக்கிறயா?"

கழுவிய குடத்தையே பங்கஜம் மறுபடி கழுவினாள். "ஊட்டுக்காரரக் கேக்கோணும்க்கா."

"கேளு."

"ஊருக்குள்ள என்ன பேசறாங்கன்னு உனக்குத் தெரியாதுக்கா."

பாலாமணி திரும்பி வாசலுக்கு வந்தாள். பனி மஞ்சு இறங்கி எதிர்ச் சரிவுத் தேயிலையை மூடிக்கொண்டிருந்தது.

வாசலில் தாய்மாமன் முனியசாமி பழைய வேட்டியைக் கிழித்துக் குச்சியில் சுற்ற உட்கார்ந்தார். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்த பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள்.

"பேரப்புள்ளைக எத்தன பேரு? எண்ணிச் சொல்லுங்க."

"எங்க பசங்க ரெண்டு பேருதானுங்க," என்றான் பங்கஜத்தின் புருஷன் மாரிச்சாமி. முனியசாமி இரண்டு குச்சியை எடுத்து வைத்தார். பிள்ளையைக் கூட்டிப் போகிறவன் போல மயில்சாமி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான்.

சுகந்தி அதுவரை சுவரோரம் நின்றிருந்தாள். எண்ணுவது காதில் விழுந்ததும் தபித்தாளின் காக்கிச் சட்டையைப் பார்த்தாள். ஓடி வந்து பாலாமணியின் முதுகுக்குப் பின்னால் குந்தி, முட்டியைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தாள். ஜெயிலில் அடைக்கும் முன்னே ஆள் எண்ணும்போது பெண்கள் அப்படித்தான் வரிசையாகக் குந்துவார்கள். பிள்ளை நடை பழகியதே அந்த வரிசையில்தான்.

கொஞ்சம் பொறுத்து, "என்னய எண்ணியாச்சுங்களா மேடம்?" என்று கேட்டாள்.

தபித்தாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். குடத்தோடு வந்த பங்கஜம் அப்படியே நின்றாள்.

"மூணு சுத்துங்க மாமா," என்றாள்.

மாரிச்சாமி திரும்பினான். பங்கஜம் அவனைப் பார்க்கவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுகந்தியின் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரி சாமி. இங்க குந்தக் கூடாது."

பாடை கிளம்பும்போதே ஜீப்பும் கிளம்பியது. பின் சீட்டிலிருந்து பாலாமணி எட்டிப் பார்த்தாள். குழாயடியில் மயில்சாமி இன்னும் போகாமல் நின்றிருந்தான். மஞ்சுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்னச் சின்னதாக நெருப்பு நகர்ந்தது. மூன்றாவது கொஞ்சம் தாழ்வாக இருந்தது. வளைவு வருகிறவரை அவள் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே போனாள்.