சுருட்டையின் செவ்வாய்க்கிழமை

1

இதை எழுதச் சொல்லி என்னிடம் கேட்டவர் ஓர் எலக்ட்ரீஷியன். கதை என்று அவர் சொல்லவில்லை. "ஒரு பக்கம் போதும் சார், படிச்சா மனசு உருகணும்" என்றார். அவர் எங்கள் பகுதி இளைஞர் மன்றத்தின் செயலாளர். மன்றம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே ஒரு ஹால், வலை தொய்ந்த ஒரு டேபிள் டென்னிஸ் மேசை, தண்ணீர் கொதித்தாலும் தானாக அணையாத ஒரு கெட்டில். நடத்துகிறவர்கள் எல்லோரும் தத்தம் வேலை முடிந்து வந்து, கைக்காசு போட்டு நடத்துகிறவர்கள். ஒரே ஒருத்திக்கு மட்டும் முழுநேர வேலை, சம்பளம். அதை அரசாங்கம் தருகிறது. மூன்று வருடத்துக்கென்று தந்தது இந்த மாதத்தோடு முடிகிறது. தொடர வேண்டுமானால் துறையிலிருந்து அதிகாரி வந்து பார்ப்பார். அதற்கு முன், மன்றத்தால் வாழ்க்கை மாறிய ஒரு பிள்ளையின் கதை அவர் கைக்குப் போக வேண்டும்.

எனக்குப் பத்திரிகைகளில் கதை எழுதிப் பழக்கம். ஒரு பக்கம்தானே, ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று தலையாட்டிவிட்டேன். அந்தப் பக்கத்தை இன்னும் எழுதவில்லை. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதற்குப் பதிலாக வந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை கொட்டிய ஒரு மாலையில், போக்கிடம் இல்லாத ஒரு சிறுமி மன்றத்தின் படிக்கட்டில் நடுங்கியபடி

இதற்கு மேல் போகவில்லை. நான் எழுத வேண்டியிருந்த பிள்ளை சுருட்டை. அவள் முதன்முதலில் வந்தது சுட்டெரிக்கும் வெயிலில். போக்கிடமும் இருந்தது. அம்மா, மாமா, பூட்டு வைத்த தனி அலமாரி எல்லாம் இருந்தன. ஃபோனுக்கு சார்ஜ் போட வந்தாள், அவ்வளவுதான். பதினாறு பதினேழு வயது. தலைமுடியைப் பார்த்து மற்ற பிள்ளைகள் வைத்த பெயர்தான் சுருட்டை. முறைத்துப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டாள்.

இரண்டாவது தொடக்கம்:

அவள் கண்களில் அன்று

கண்களில் என்ன இருந்தது என்று எனக்கென்ன தெரியும்? அன்று நான் அங்கே இல்லை.

மூன்றாவது, சம்பளம் வாங்குகிறவளைப் பற்றியது. அது மட்டும்தான் நான் கோடு போட்டு அடிக்காமல் நின்றது.

3

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நரைத்த தலையோடு இருக்கும் செயலாளர் உட்பட. முன்பு ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். கடைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மன்றத்துக்கு வருவாள். பணம் வந்ததும் கடை வேலையை விட்டாள். "பசங்களோட பேசறதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று அவள் அண்ணன் வயிறு வலிக்கச் சிரித்தான். அவளும் கூடச் சிரித்தாள், ஆனால் அது அவளுக்குத் தைத்தது.

உத்தியோகம் என்னவென்றால், கதவைத் திறப்பாள். டீ போடுவாள். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதைவிட யார் வரவில்லை என்று பார்ப்பாள். வராதவர்களின் தெருவில் ஏதோ சோலி இருப்பதுபோல் நடந்து போவாள். (இதை அறிக்கையில் எந்தத் தலைப்பில் காட்டுவது என்று செயலாளருக்கு இன்றுவரை புரியவில்லை. 'களப்பணி' என்று போட்டுவைத்திருக்கிறார்.)

சம்பள விஷயம் ஒரு நாள் சுருட்டையின் காதுக்குப் போய்விட்டது.

"உனக்கு இதுக்கு சம்பளமாமே?"

"ஆமா."

"எங்ககூட பேசறதுக்கா?"

"ஆமா."

"அப்ப நீ சிரிக்கறது, சாப்டியான்னு கேக்கறது, எல்லாமே டியூட்டியா?"

[இங்கே அக்கா சொல்வதற்கு அழகான ஒரு பதில் எழுதிவைத்திருந்தேன். அதில் 'அன்பு' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. செயலாளருக்குப் படித்துக் காட்டினேன். அவர் இருமிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்.]

அக்கா நிஜமாகச் சொன்னது, கெட்டிலைக் கழுவிக்கொண்டே:

"சம்பளம் இல்லாதப்ப நான் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் இருந்தேன். உங்களுக்கெல்லாம் பிரச்சினை ஞாயித்துக்கிழமை பாத்தா வருது?"

சுருட்டை சார்ஜரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு பல நாள் அந்தப் பக்கமே வரவில்லை. அக்காவுக்கு அவள் தெருவில் சோலி அதிகமாயிற்று. எதிரில் பார்த்தால் சுருட்டை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அக்கா நடையை நிறுத்தவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்காவின் ஃபோன் அடித்தது.

4

[இங்கே செவ்வாய்க்கிழமை.]

அக்கா ஹாலைப் பூட்டாமலே ஓடினாள் என்று தெரியும். அன்று பிள்ளைகள் தாங்களே டீ போட்டுக் குடித்தார்கள் என்று தெரியும். மறுநாள் சுருட்டை வந்து, பழைய மூலையில் உட்கார்ந்து, ஃபோனை சார்ஜில் போட்டாள். இப்போது படிக்கிறாள், மட்டையைப் பிடித்தால் மேசையில் ஒருவரையும் நிற்க விடுவதில்லை. இடையில் நடந்தது எனக்குத் தெரியாது. (அது செவ்வாய்க்கிழமைகூட இல்லை. கிழமையை மாற்றியிருக்கிறேன்.)

அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன், சுற்றி வளைத்துக் கேட்டேன், கடைசியில் கெஞ்சியே கேட்டேன். ஒவ்வொரு தடவையும் டீ வந்தது, பதில் வரவில்லை. கடைசித் தடவை மட்டும் சொன்னாள்: "உங்களை நம்பாம இல்ல சார். அது என்னோடது இல்லையே, நான் எப்படி எடுத்துக் குடுக்கறது?"

இல்லாததை உண்டாக்குவதுதானே என் தொழில். உண்டாக்கினேன். ஒன்றில் ரயில் தண்டவாளம் வந்தது. ஒன்றில் மாத்திரைகள் வந்தன. ஒன்றில் மாமா வந்தார். எல்லாமே மனதை நன்றாக உருக்கின. ஆனால் எதிலும் சுருட்டை யாரையும் முறைக்கவில்லை, யாரையும் தோற்கடிக்கவில்லை. அழுதுகொண்டே இருந்தாள், அக்கா அவளைத் தூக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கிழித்துப் போட்டேன். (மாமா தங்கமான மனிதர் என்று பிறகுதான் தெரிந்தது. அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.)

5

அதிகாரி வந்தார். அவரை ஒரு கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தால் என் பாடு சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அவர் படியேறி வந்து மூச்சு வாங்க நின்றார், கெட்டில் கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தாமே போய் அணைத்தார். பிள்ளைகள் அன்று என்றுமில்லாத மரியாதையோடு விளையாடினார்கள். பந்து கீழே விழுந்தால் ஒருவருக்கொருவர் சாரி சொன்னார்கள்.

"ஒரு மன்றத்துக்குத்தான் பணம் இருக்கும்மா, கேக்கறவங்க நிறைய பேர். பக்கத்து மன்றத்துல ஒரு பையன் மெடல் வாங்கியிருக்கான். நீங்க ஒரு பக்கம்கூட அனுப்பலையே?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் வலையைப் பார்த்தேன்.

"தினமும் கதவைத் திறந்து வெக்கறேன் மேடம்" என்றாள் அக்கா.

"எல்லாரும் அதைத்தானே செய்யறாங்க?"

"ஞாயித்துக்கிழமை செய்யறாங்க."

"எனக்குப் புரியுது. நான் நம்பறேன். ஆனா எனக்கு மேல இருக்கறவங்க கேப்பாங்க. ஒரே ஒரு பிள்ளைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

பேனா காத்திருந்தது. அக்கா கையிலிருந்த துணியைப் பிசைந்தாள். மருந்துக்கடையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது என்பது ஹாலில் எல்லோருக்கும் தெரியும்.

மூலையில் சுருட்டை எழுந்தாள். "நான் சொல்லட்டுமா அக்கா?"

"நீ உக்காரு."

அவள் உட்காரவில்லை.

6

ஐந்தாம் பகுதி இன்னும் நடக்கவில்லை. அதிகாரி அடுத்த வாரம்தான் வருகிறார். அவர் மூச்சு வாங்கியது, கெட்டிலை அணைத்தது, எல்லாம் என் ஆசை.

சுருட்டை எழுந்தது மட்டும் என் கற்பனை இல்லை. நேற்று படிக்கட்டில் என்னை நிறுத்தினாள். "நீங்க எழுதலேன்னா பரவால்ல. அவங்க வர்றன்னிக்கு நானே எழுந்து சொல்லிடுவேன்."

"உனக்குச் சொல்லப் பிடிக்குமா?"

"பிடிக்காது." படிக்கட்டுச் சுவரை நகத்தால் சுரண்டினாள். "ஆனா சொல்லலேன்னா அக்கா மறுபடியும் ஞாயித்துக்கிழமை அக்கா ஆயிடும்."

வீட்டுக்கு வந்து முடிவை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு முடிவு இப்படி: அவள் சொல்கிறாள். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், பணம் வருகிறது. மறுநாள் பிள்ளைகள் எல்லோரும் சுருட்டையிடம் விட்டுக்கொடுத்து விளையாடுகிறார்கள். அடுத்த நாளிலிருந்து அவள்

இன்னொன்று: அக்கா அவளை உட்காரவைத்துவிடுகிறாள். மெடல் வாங்கிய பையனின் மன்றத்துக்குப் பணம் போகிறது. அவனும் நல்ல பையன்தான். வார நாட்களில் ஹாலுக்குப் பூட்டு. ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ வேறு ஒரு பிள்ளை ஃபோன் செய்கிறது. எங்கேயோ ஒரு கடையில், கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் அக்காவின் பையில் அது அடித்து அடித்து

இரண்டையும் என்னால் முடிக்க முடியவில்லை. செயலாளரிடம் சொல்லிவிட்டேன், அந்த ஒரு பக்கத்துக்குப் பதிலாக இதைத்தான் அனுப்பப் போகிறேன் என்று. சுருட்டை படித்துப் பார்த்துச் சரி என்றாள். "என் முடியைப் பத்தி இன்னும் கொஞ்சம் நல்லா எழுதியிருக்கலாம்" என்றும் சொன்னாள்.

ஆகவே அதிகாரியின் நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான்காம் பகுதியில் நான் காலியாக விட்ட இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று நீங்களும் யோசித்தீர்கள். தப்பில்லை, நானும் யோசித்தேன். அது தெரியாமலே, பணம் தரலாம் என்று உங்களால் கையெழுத்துப் போட முடியுமா?

மூலையில் சார்ஜரைப் பிடுங்கும் சத்தம் கேட்கிறது. சுருட்டை எழுந்துகொண்டிருக்கிறாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டும்.