சின்ன மருமகளின் பொருளடக்கம்

மாமனாரின் அச்சகத்தில் பாடப்புத்தகங்களைக் கணினியில் அடித்துப் பக்கம் கட்டித் தருவது மூத்த மருமகளின் வேலை. கல்யாணமாகி வந்த வருஷமே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். பொருளடக்கத்தைக் கடைசியில் செய்வாள். ஒவ்வொரு பாடமாகத் திருப்பிப் பார்த்து, வரிசையாகப் புள்ளிகளைத் தட்டி, பக்க எண்ணைப் போடுவாள். நடுவில் ஆசிரியர் ஒரு படத்தைச் சேர்த்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. "எங்க பெரிய மருமக இல்லேன்னா இங்க ஒண்ணும் ஓடாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமனார் சொல்வார்.

கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்தாள். பக்கத்து மேசையில் உட்கார்ந்தவள், எவையெல்லாம் தலைப்பு என்று கணினிக்கு அடையாளம் காட்டிவிட்டு, ஒரே சொடுக்கில் பொருளடக்கத்தை வரவழைத்துவிட்டாள். படம் சேர்ந்தாலும் எண்கள் தாமாகவே மாறிக்கொண்டன.

"அடேயப்பா!" என்றார் மாமனார். மூத்தவளின் வேலையைப் பார்த்து அவர் ஒருநாளும் இப்படி வாயைப் பிளந்ததில்லை. அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"ரொம்ப ஈஸிக்கா. வாங்க, காட்டறேன்."

"வேணாம்மா. கையால அடிச்சாத்தான் எனக்குத் திருப்தி."

வீட்டில் கணவன் கேட்டான். "கத்துக்கிட்டா உனக்குத்தானே நல்லது?"

"இத்தனை வருஷம் நான் பட்ட பாடு வெறும் ஒரு பட்டன் வேலைன்னு நானே ஒத்துக்கணுமா? அதையும் அவகிட்டயே போய்க் கேக்கணுமா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டான்.

சின்னவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில், அவள் பாதி முடித்திருந்த புத்தகத்துக்கு ஆசிரியர் புதுப் பாடம் ஒன்று கொண்டுவந்தார். மூத்தவள் அதை அடித்து, தலைப்பைத் தடித்த எழுத்தில் பெரிதாக்கினாள். பொருளடக்கத்தில் அது வரவில்லை. வராவிட்டால் என்ன, வழக்கம்போலக் கையால் சேர்த்து அச்சுக்கு அனுப்பினாள். அனுப்பும்போது கணினி பொருளடக்கத்தைத் தானே புதுப்பித்து, அவள் சேர்த்ததை விழுங்கிவிட்டது. வந்த தாளைப் பார்த்த மாமனார், "புதுப் பாடம் எங்கம்மா?" என்றார். மறுபடி சேர்த்தாள். மறுபடி காணோம்.

"சின்னவளுக்கு ஒரு போன் போடேன்."

"அவ ரெண்டு நாள் நிம்மதியா இருக்கட்டும் மாமா" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்று அச்சு நின்றது. மறுநாளும் நின்றது.

சின்னவள் திரும்பி வந்து தாள்களைப் பார்த்தாள். புதுப் பாடத்தின் தலைப்பைக் கணினிக்கு அடையாளம் காட்டாமல் விட்டிருப்பது ஒரு பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. மாமனார் உள்ளே நுழைவதைக் கண்டதும், "நான் சரியாச் சொல்லிட்டுப் போகல மாமா, அதான் அக்காவுக்குச் சிரமம்" என்றாள்.

அவள் குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இந்த நல்ல பெயரும் அவளுக்கே போகிறதே என்று மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. மாமனார் வெளியே போகும்வரை காத்திருந்தாள். சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மவுஸை நோக்கிக் கையை நீட்டினாள். மூத்தவள் அதைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தொடாத. எங்க அமுக்கணும்னு வாயால சொல்லு, போதும்."