தோரா வீட்டு ஜன்னலில் விளக்கில்லை

என் மனைவி லிஸ்பெத்துக்கு அழுகை என்பது தும்மல் மாதிரி. வந்தால் வந்ததுதான். விளம்பரத்தில் ஒரு நாய்க்குட்டி மழையில் நனைந்தால்கூட மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவாள். பக்கத்தில் இருப்பவன் கைக்குட்டை நீட்ட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பக்கத்தில் இருப்பவன் நான்தான். அப்படிப்பட்டவளுக்கு, ஜெர்மன்காரன் எங்கள் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த காலத்துக் கதையை ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் காட்டினால் என்ன ஆகும்? வீட்டில் ஈரம் காயவில்லை.

சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் டென்மார்க் முழுவதும் ஒரே தொடரைப் பார்க்கிற வழக்கம் ஞாயிற்றுக்கிழமைக்கு உண்டு. எங்கள் சந்தில் அதற்கு எங்கள் வீட்டுக் கூடம். பெரிய டிவி எங்களுடையது, கேக் லிஸ்பெத்துடையது. தேங்காய்த்துருவலையும் வெல்லச் சர்க்கரையையும் கருக்கி மேலே பூசி அவள் செய்கிற கேக்குக்காகவே யுத்தத்தைச் சகித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இசை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஓவெ வருவார். இளம் தம்பதிகள் இரண்டு மூன்று ஜோடி வருவார்கள். கடைசி வீட்டுத் தோராவை மட்டும் லிஸ்பெத்தான் போய்க் கூப்பிட்டாள். தோராவுக்கு எண்பத்தைந்துக்கு மேல். தனிக்கட்டை. அவருக்குக் கடைக்குப் போய் வருவதும், கால் நகம் வெட்டிவிடுவதும்கூட லிஸ்பெத்தான். சொந்த அம்மாவிடம் கிடைக்காத பிரியம் அந்தக் கிழவியிடம் கிடைத்தது என்று அவளே சொல்வாள்.

"யுத்தக் கதையா? எனக்கெதுக்கு அதெல்லாம்?" என்றார் தோரா முதலில்.

"சும்மா வாங்க. தனியா உட்கார்ந்து சுவத்தைப் பார்க்கறதுக்கு டிவியைப் பார்க்கலாம்ல?"

"கேக் உண்டா?"

"உண்டு."

"அப்ப கேக்குக்காக வர்றேன். யுத்தத்துக்காக இல்ல."

வந்தார். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் பின்னல் ஊசியும் சாம்பல் நிறக் கம்பளி நூலுமாக உட்கார்ந்துவிடுவார். முதல் வாரத்துக்குப் பிறகு கேக்கைத் தொடவில்லை. நான் அதைப் பார்த்தேன். சரி, சர்க்கரை வியாதியாக இருக்கும் என்று அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

தொடரில் மேரெதெ என்று ஒரு பெண். துறைமுக விடுதியில் வேலை பார்ப்பவள். ஒரு ஜெர்மன் சிப்பாயோடு பழகுகிறாள். கடைசிப் பகுதியில் ஜெர்மன்காரன் சரணடைந்த சேதி ரேடியோவில் வருகிறது. ஊரே தெருவுக்கு வந்து ஆடுகிறது, பாடுகிறது. அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக ஒரு கூட்டம் போய் மேரெதெயை ஒளிந்திருந்த இடத்திலிருந்து இழுத்துவந்து, நடுத்தெருவில் உட்கார வைத்து, தலையை மழித்துவிடுகிறது. நடித்த பெண்ணுக்கு நிஜமாகவே முடியை எடுத்தார்களாம். எங்கள் கூடத்தில் நனையாத கண் பாக்கி இல்லை. ஓவெ கண்ணாடியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று கண்ணைத் துடைத்தார். லிஸ்பெத் என் சட்டைக் கையையே எடுத்துக்கொண்டாள்.

தோரா அழவில்லை. பெயர்கள் ஓட ஆரம்பித்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது தோரா" என்றேன்.

"அடுத்த வாரம்?"

"இல்ல. இதான் கடைசி."

"அவ ஒளிஞ்சிருந்த இடம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அதைச் சொல்லவே இல்லியே."

"கதைன்னா அப்படித்தான். எல்லாத்தையும் சொல்லிகிட்டிருந்தா விடிஞ்சுடும்" என்றேன். பெரிய நகைச்சுவை என்று நினைப்பு எனக்கு. தோரா எழுந்தார். மடியில் இருந்த பின்னலில் ஊசி உருவிக்கொண்டு, பின்னியது பாதி பிரிந்து கிடந்தது. அதையும் பார்த்தேன். மேலங்கியை எடுத்துக் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்டேனே தவிர, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாத்திரம் கழுவும்போது லிஸ்பெத் சட்டென்று திரும்பினாள். கையில் நுரை.

"பிரெபென், கவனிச்சியா? ஒளிஞ்சிருந்த இடத்தைப் பத்திக் கேட்டாங்களே?"

"கேட்டாங்க."

"அவங்க வீட்ல யாரையோ ஒளிச்சு வச்சிருந்திருக்காங்க! யூதங்களையோ, நம்ம போராளிங்களையோ. யாரோ காட்டிக் கொடுத்துட்டாங்க. அதான் மே நாலாம் தேதி அவங்க விளக்கு ஏத்தறதே இல்ல. துக்கம்டா அது. நாம என்னடான்னா கஞ்சத்தனம்னு பேசிகிட்டிருந்தோம்."

மே நாலாம் தேதி சாயங்காலம் எல்லா வீட்டு ஜன்னலிலும் மெழுகுவத்தி ஏற்றுவோம். குண்டு வீச்சுக்குப் பயந்து, வெளிச்சம் வெளியே தெரியாமல் ஐந்து வருஷம் கறுப்புத்துணி தொங்கிய ஜன்னல்கள் அவை. சரணடைந்த சேதி வந்த அன்று என் அம்மா அந்தத் துணியைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, வீட்டிலிருந்த மெழுகுவத்தியையெல்லாம் ஜன்னலில் வைத்தாளாம். ஊரே அப்படிச் செய்ததாம். அதை இன்னும் விடவில்லை. எங்கள் சந்தில் தோரா வீடு மட்டும் அன்றைக்கு இருட்டாக இருக்கும், திரையும் இழுத்து மூடியிருக்கும். மெழுகுவத்திக் காசு மிச்சம் என்று கேலி செய்தவன் வேறு யாருமில்லை, நான்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்த பிறகு கணக்குப் பார்த்தால் எங்கள் நாட்டில் வீட்டுக்கு ஒரு வீரர் இருந்திருக்கிறார். அத்தனை பேர் நிஜமாகவே இருந்திருந்தால் ஜெர்மன்காரன் ஒரு மாசம் தாங்கியிருக்க மாட்டான். வாயை மூடிக்கொண்டு இருக்கிற கிழவி ஒருத்தியைப் பார்த்தால் எங்களுக்கு உடனே தோன்றுவது, இவள் வீட்டில் ஒரு தியாகி இருந்திருக்க வேண்டும் என்பதுதான். வேறு விதமாக நினைக்க எங்களுக்குப் பழக்கமில்லை.

"போய்க் கேட்டுடேன்" என்றேன் லிஸ்பெத்திடம்.

"கேட்டா சொல்லவா போறாங்க? இத்தனை வருஷம் சொல்லாதவங்க. நாமளா செய்யணும். தெருவே சேர்ந்து செய்யணும்."

அவள் ஒன்றை நினைத்துவிட்டால் கப்பலைக்கூட நிறுத்தலாம், அவளை நிறுத்த முடியாது. நான் நிறுத்தவும் முயலவில்லை. மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது. அத்தனை வாரம் அழுதவர்களுக்குக் கையால் செய்ய ஒரு காரியம் கிடைத்த திருப்தி.

மே நாலாம் தேதி வெளிச்சம் மங்கும் நேரத்துக்கு ஜாம் பாட்டில்களில் மெழுகுவத்தி வைத்து ஏற்றிக்கொண்டு எல்லோரும் தோரா வீட்டு முன்னால் கூடினோம். குழந்தைகள், நாய்கள், ஓவெயின் அக்கார்டியன். காற்றில் அணைகிற திரியைக் கையால் மறைத்துக்கொண்டு, வசந்தத்தைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றைப் பாடினோம். சுருதி சேரவில்லை. ஆனாலும் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஜன்னல் திரை ஒரு விரல்கடை விலகி மறுபடி மூடியது. லிஸ்பெத் அதற்குள்ளேயே கண்கலங்கிவிட்டாள். படியேறிக் கதவைத் தட்டினாள்.

"தோரா! உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். பயப்படாதீங்க. வேற யாருமில்ல, நம்ம தெருக்காரங்கதான். கதவைத் திறங்க!"

மறுபடி தட்டினாள். பின்னால் நின்றவர்கள் "தோரா! தோரா!" என்று தாளம் போட்டுக் கூப்பிட்டார்கள்.

கதவு திறந்தது. தோரா இரவு உடைக்கு மேல் குளிர்கால மேலங்கியைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மெழுகுவத்தி வெளிச்சம் அவர் முகத்தில் ஆடியது. அவர் குரலை நான் எத்தனையோ வருஷமாகக் கேட்டிருக்கிறேன். அது கரகரத்த குரல். அன்றைக்கு வந்தது வேறு குரல். மெல்லிசாக, சொல் பேச்சு கேட்கிற பிள்ளையுடையது மாதிரி.

"அக்கா பரண்மேல இருக்கா" என்றார்.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். கிண்டல் இல்லை. வயசாகிவிட்டது, பாவம், குழம்பிவிட்டார் என்கிற சிரிப்பு. சட்டென்று அது நாலைந்து பேருக்குத் தொற்றியது. சிரித்தவர்களில் நானும் ஒருவன். தோரா அந்தச் சிரிப்பைக் கேட்டார். அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

லிஸ்பெத் படியிலேயே நின்றாள். அவள் கையிலிருந்த மெழுகுவத்தி அணைந்திருந்தது. யாரும் மேற்கொண்டு பாடவில்லை. ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் போய்த் தட்டினோம். திறக்கவில்லை. மத்தியானம் போனோம். திறக்கவில்லை. லிஸ்பெத் சாப்பிடவில்லை. "என்ன செஞ்சேன் நான்? என்ன செஞ்சேன்?" என்று வீட்டுக்குள் நடந்தாள். "இனிமே அந்தக் கதவு எனக்குத் திறக்காதுடா" என்றாள். எனக்கும் அதே பயம்தான். அந்தக் கிழவி மட்டும் இவளை ஒதுக்கிவிட்டால் இவள் எழுந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் மறுபடி போனோம். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

"உள்ள வாங்க. வாசல்ல நிக்காதீங்க. வாசல்ல ஆள் நின்னா எனக்கு ஆகாது" என்றார் தோரா. பழைய கரகரத்த குரல்.

சமையலறை மேஜையில் உட்கார வைத்தார். காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் காப்பி கேட்காமல் உட்கார வைத்தால் விஷயம் பெரிசு.

"மன்னிச்சுடுங்க தோரா. நான் என்னவோ நினைச்சு..." லிஸ்பெத் முடிக்கவில்லை.

"என்ன நினைச்ச?"

"நீங்க யாரையோ ஒளிச்சு வச்சிருந்தீங்கன்னு."

"ஒளிச்சு வச்சிருந்தோம். அது சரிதான்" என்றார் தோரா. "எங்க அக்கா எல்னாவை. பத்தொம்பது வயசு. அவளும் ஒரு ஜெர்மன் பையனும்... உங்க தொடர்ல வந்த மாதிரிதான். ரேடியோவுல சேதி வந்ததும் அம்மா அவளைப் பரண்ல ஏத்தி ஏணியை எடுத்துட்டா. இதே வீடு. இதே வாசல். மெழுகுவத்தி பிடிச்சுகிட்டுதான் வந்தாங்க. பாடிகிட்டுதான் வந்தாங்க. கொண்டாட்டம்ல. எனக்கு ஏழு வயசு. அம்மா பின்கட்டுல இருந்தா, நான்தான் கதவைத் திறந்தேன். ரொட்டிக்கடைக்காரர் குனிஞ்சு என் கன்னத்தைத் தட்டி, 'தோரா கண்ணு, அக்கா எங்கேம்மா?'ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்ச முகமா இருந்தாங்க. எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. அக்காவையும் ஆடறதுக்குக் கூப்பிட வந்திருக்காங்கன்னு நினைச்சேன். சிரிச்சுகிட்டே சொன்னேன்."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து மூடலாம் என்று நினைத்தேன்.

"உங்க வீட்டுக்கு ஏன் வாராவாரம் வந்தேன்னு தெரியுமா? கேக்குக்கு இல்ல. எல்லாரையும் காட்டினாங்களே அதுல. கத்தரிக்கோல் பிடிச்சவனைக் காட்டினாங்க. பிடிச்சுகிட்டவனைக் காட்டினாங்க. வேடிக்கை பார்த்தவங்களைக் காட்டினாங்க. கதறின அம்மாவைக்கூடக் காட்டினாங்க. காட்டிக்கொடுத்த சின்னப் பொண்ணு எப்ப வருவான்னு பார்த்துகிட்டே இருந்தேன். அவளுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு யாராவது சொல்லுவாங்கன்னு பார்த்தேன். அவ வரவே இல்ல."

லிஸ்பெத்தின் தோள் குலுங்க ஆரம்பித்தது. தோரா கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அழாத லிஸ்பெத். நீ அழுதா நான் உன்னைத் தேத்தணும். எனக்குத் தெம்பு இல்ல."

என் மனைவி அழுகையை அடக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிவந்து, மூச்சு முட்டி, ஆனால் ஒரு சொட்டு வரவில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் கூடத்தில் நாங்கள் அழுத அழுகை எவ்வளவு சுகமாக இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"இதைத் தெருவுல சொல்லுங்க" என்றார் தோரா. "என்னைப் பாவம்னு சொல்ல வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்க. அன்னிக்கு வாசல்ல நான் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்க."

"உங்களுக்கு அப்ப ஏழு வயசு தோரா" என்றேன். "ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

"எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதான் யார்கிட்டயும் சொல்லல."

"உங்க அக்கா? அவங்க என்ன சொன்னாங்க?" லிஸ்பெத் கேட்டாள்.

தோரா மேஜை விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"திட்டியிருந்தா தேவலை. ஒண்ணு அறைஞ்சிருந்தாக்கூடத் தேவலை. மறுநாள் காலையில எழுந்து வந்தா. தலையில துணி சுத்தியிருந்தா. காது பக்கம் ரத்தம் காய்ஞ்சிருந்துச்சு. எப்பவும்போல என்னை முன்னால உட்கார வச்சு, சிக்கெடுத்து, ரெண்டு சடை பின்னிவிட்டா. நடுவுல நிறுத்தி என்கிட்ட கேட்டா, 'ரொம்ப இழுக்கறேனாடி, வலிக்குதா'ன்னு."